எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை

தங்கை ப்ளஸ் டூ படித்த வருடம், மாதத்துக்கு மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பாத்ரூம் வாசலிலேயே சுருண்டு கிடப்பாள், வாந்தி எடுப்பாள். அவள் நடிப்பதாக வகுப்பாசிரியை சொல்லியனுப்பினார். அம்மா மோரில் வெந்தயத்தைப் போட்டுக் கொடுத்து, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாள்.

எனக்கும் இதே மோர், இதே வாக்குதான். கல்யாணமும் ஆனது. சீர்வரிசையோடு வலியும் கூடவே வந்தது. இருபத்தொன்பது வயதில்தான் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் தெரிந்தது. கருப்பைக்குள் இருக்கவேண்டிய படலம் போல ஒன்று வெளியே வளர்ந்து, குடலையும் சினைப்பையையும் ஒட்டவைத்திருந்தது. அதுவரை பதினைந்து வருடம் என்னைச் சோம்பேறி என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

தங்கைக்கும் பதினைந்து வருடம் வீணாகப் போக விடமாட்டேன் என்று, அவளையும் அம்மாவையும் பழங்காநத்தத்தில் ஆட்டோ ஏற்றி கே.கே. நகர் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். வயசுப் பிள்ளையை அங்கே யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா வழியெல்லாம் புலம்பினாள். நன்றாகப் பார்க்கட்டும் என்றேன்.

என் கதையைக் கேட்ட டாக்டரம்மா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று அம்மாவிடம் கேட்டார்.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்லம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதாமாதம் தலையணையை வயிற்றில் அமுக்கிக் குப்புறப் படுத்தது யார்? கொட்டாம்பட்டி சித்திக்கு முப்பத்து மூன்று வயதில் கருப்பையை எடுத்தது எதற்கு? டாக்டர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அம்மா மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் மறைக்கவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய், "அது எப்படி நோயாகும்? எங்க வீட்டுப் பொம்பளைக எல்லாருக்கும் அப்படித்தான இருக்கும்?" என்றாள்.

தாய்க்கோ அக்காவுக்கோ இருந்தால் தங்கைக்கும் வர வாய்ப்பு அதிகம், எல்லோருக்கும் இருக்கிறது என்பதால் அது சாதாரண வலி ஆகிவிடாது என்றார் டாக்டர். ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உன் வலி பொய்யில்லை என்று தங்கையிடமே சொன்னார். அவள் அழுதுவிட்டாள்.

வெளியே வந்து செருப்பைக்கூட மாட்டாமல் அம்மா சித்திக்குப் போன் போட்டாள். சித்தி மகள் பத்தாவது படிக்கிறாள். அவளுக்கும் அந்த மூன்று நாள் உண்டு.

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வா. எவ என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன். நம்மளத்தான்டி ஒருத்தரும் கூட்டிட்டுப் போகல."