ஆட்டு மூஞ்சியும் ஒரு கை உப்பும்

எனக்கு ஒரு பழக்கம். எந்த முகத்தை வரைகிறேனோ, அந்த முகத்தை முதலில் நான் வைத்தாக வேண்டும். கோபக்காரன் என்றால் மூக்கு விடைக்க வேண்டும். திருடன் என்றால் கண் ஓரமாகப் போக வேண்டும். மேசையில் மைப்புட்டியின்மேல் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருப்பேன். அதைப் பார்த்து மூஞ்சியைக் கோணிக்கொண்டு, அது கலைவதற்குள் பென்சிலால் பிடித்துப் போடுவேன். குழந்தைகளுக்குப் படக்கதை போடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். மீதிப் பேர் வெளியே சொல்ல மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் மேன்ஷன் அறையில் இருந்தவரை இதை யாரும் கண்டுகொண்டதில்லை. பக்கத்து அறைக்காரர் காலையில் கண்ணாடி முன்னால் நின்று இன்டர்வியூவுக்குச் சிரித்துப் பழகுவார். அவர் கோணலுக்கு என் கோணல் தேவலாம்.

2004-இல் என் மனைவிக்கு மரக்காணத்தில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. "நீங்க எங்க உக்காந்து வரைஞ்சாலும் படம்தானே?" என்று சொல்லி என்னையும் மூட்டை கட்டிவிட்டாள். உப்பளத்துக்குப் போகிற தெருவில் வீடு. சன்னலோரம் நல்ல வெளிச்சம். அங்கேயே மேசையைப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரம்மா அடுத்த வீட்டிலேயே இருந்தார். உப்பளத்தில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, பெண்களைக் கூலிக்கு வைத்து, தானும் உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகையோடு இறங்கி வேலை செய்கிறவர். உப்பு வெள்ளையில் பட்டு வெயில் திருப்பி அடிக்கும் அல்லவா, அதற்குச் சுருக்கிச் சுருக்கி அவர் கண் வீட்டுக்குள்ளும் விரிவதில்லை. சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. முறைத்தார். அவர் கணக்கில், பெண்டாட்டி வேலைக்குப் போக, வீட்டில் உட்கார்ந்து பொம்மை போடுகிற ஆம்பளை முறைக்க வேண்டிய ஆள்தான்.

அப்போது நான் சிறுவர் மாத இதழ் ஒன்றுக்கு இரண்டு பக்கப் படக்கதை போட்டு வந்தேன். ஒரு மீசைக்காரப் போலீஸ்காரர், அவருடைய விசிலை விழுங்கிவிட்ட ஒரு ஆடு. ஆடு வாயைத் திறந்தால் 'பீப்' என்று விசில் வரும். சந்தையில் திருடன் ஓடுவான், போக்குவரத்து நின்றுவிடும், போலீஸ்காரர் ஆட்டின் வாயைப் பொத்திக்கொண்டு அலைவார். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

அந்த டிசம்பரில் அலை வந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை, குப்பங்களுக்கு வந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். நான் ஒரு கோடு போடவில்லை. போட மனம் வரவில்லை. பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "பசங்க இப்பத்தான்யா சிரிக்கணும். ஆட்ட அனுப்பு" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது நினைத்தால் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அந்த ஆடு இல்லாவிட்டால் நான் எழுந்தே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மாசி பிறந்து, உப்பளத்தில் வேலை தொடங்கியது. பெண்கள் விடியும் முன்பே போய்விட்டு, வெயில் ஏறியதும் எங்கள் தெரு வழியாகத் திரும்புவார்கள். நான் மும்முரமாக வரைகிற நேரமும் அதுதான். ஆட்டுக்காகக் கன்னத்தை உப்பி, கண்ணைப் பிதுக்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன். உப்புக் காற்றில் மை சட்டென்று காயாது. கை பட்டு, மூக்கு பட்டு, முகமெல்லாம் கறுப்பு வேறு. கண்ணாடி மேசையில் கீழே இருக்கிறது. தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என் தலை மட்டும்தான் தெரியும். இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

முதலில் அந்தப் பெண்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். பிறகு சன்னல் கம்பியில் ஒரு வேப்பிலைக் கொத்து வந்தது. ஏதோ அம்மன் கோயில் விசேஷம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு தினமும் காலையில் சன்னல் திட்டில் ஒரு கை கல்லுப்பு. எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. உப்பு விளைகிற ஊர், வாய் திறந்து பேசாவிட்டாலும் அன்பை இப்படிக் காட்டுகிறார்கள் என்று எண்ணி, அதைப் பொறுக்கிக் கொண்டுபோய்ச் சமையலறை ஜாடியில் போட்டு வைத்தேன். வீட்டில் சமையல் என் பொறுப்பு. ரசத்துக்கு அந்த உப்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒரு நாள் என் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம்.

"கொழந்தைக்கு ஊசி போடப் போனா கதவ சாத்திக்கிறாங்க. 'நர்சம்மா, நீங்க தொட வேணாம்'னு மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. நான் இன்னாங்க பண்ணேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மாவே வந்தார். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றார்.

"நர்சம்மா, கோச்சிக்காத. மாசக் கடைசிக்குள்ள வீட்ட காலி பண்ணிடுங்க. கீழ்புத்துப்பட்டு கோயிலுக்கு உன் வீட்டுக்காரர கூட்டிக்கினு போ. அங்க வச்சி பாத்தா சரியாயிடும்."

"எனக்கு என்னங்க கேடு?" என்று நான் உள்ளிருந்து கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளிடமே பேசினார். "அவர் மேல காத்து இருக்குது. தெருவே பாக்குது. வாயத் தொறந்து தொறந்து மூடுறாரு. கண்ணு வெளிய வருது. தண்ணி குடிச்சி செத்தவங்க அப்படித்தான்." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் குதித்தேன். பேயாம், காற்றாம், என்ன ஊர் இது என்று அவர் காதில் விழும்படியே சத்தம் போட்டேன். பேய் பிடித்தவன் போலவே கத்தினேன் என்று இப்போது தெரிகிறது. என் மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அழுதாள்.

"பேய் புடிச்ச வூடுன்னு பேராயிட்டா இந்த ஊர்ல வேற யாரு வீடு குடுப்பாங்க? இந்த வயித்த தூக்கிக்கினு நான் எங்க போறது? போய் அவங்க எதிர்லயே வரைஞ்சி காட்டுங்க."

"என்னால முடியாது."

உண்மையிலேயே முடியாது. ஊரெல்லாம் சிரிக்க வைக்கிறவன் என்றுதான் பெயர். ஆனால் யாராவது பார்த்தால் எனக்குக் கை ஓடாது. இவளைக்கூட வெளியே அனுப்பிவிட்டுத்தான் கதவைச் சாத்திக்கொள்வேன். "வேலைய விட்டாலும் விடுவேன், நாலு பேர் முன்னாடி மூஞ்சிய கோண மாட்டேன்" என்றேன். அவள் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள். குனிய முடியாமல் குனிந்து அவள் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?

மறுநாள் பெண்கள் உப்பளத்திலிருந்து திரும்பி, வீட்டுக்காரம்மா வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புடவைக்குமேல் ஆம்பளைச் சட்டை, காலெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை. நான் மேசையைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் போட்டேன். கண்ணாடியைச் சாய்த்தேன். கன்னத்தை உப்பினேன், கண்ணைப் பிதுக்கினேன், வாயைத் திறந்தேன்.

ஒருத்தி "அய்யோ மாரியாத்தா!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். டீ கொட்டியது.

நான் அவசர அவசரமாக வரைந்து தாளைத் தூக்கிக் காட்டினேன். "ஆடுங்க. இது ஆடு. விசில முழுங்கிடுச்சி. புள்ளைங்க படிச்சி சிரிக்கிற கத." பழைய இதழ்களையும் எடுத்து நீட்டினேன். அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்காரம்மா அசையவில்லை.

"பேய் படம் கூடத்தான் போடும்" என்றார். "அதுக்குத் தெரியாத வித்தையா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "இன்னாக்கா நீங்க! ஊரே எவ்ளோ நல்ல ஊருன்னு நெனச்சேன். தெனம் சன்னல்ல உப்பு வச்சிட்டுப் போறீங்க, அத எடுத்து ரசம் வச்சி சாப்பிட்டுக்கினு இருக்கேன். இன்னொரு பக்கம் வீட்ட காலி பண்ணுன்றீங்க!"

ஒருத்தி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்த உப்ப?" என்றார் வீட்டுக்காரம்மா.

"சன்னல் திட்டுல வச்ச உப்ப."

"அத்த தின்னியா?"

"தெனமும்."

"அது பேய ஓட்ட வச்ச உப்பு!"

அவ்வளவுதான். டீ கொட்டியவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் மரத்தடியே சிரித்தது. ஒருத்தி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் புரியாமல் திருதிருவென்று முழித்தேன். அந்த முழிக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். பேய்க்கு உப்பு ஆகாது. படையல் வைத்தால்கூட உப்பில்லாமல்தான் வைப்பார்களாம். உப்பு இருக்கிற பக்கம் தலை வைத்துப் படுக்காத பேய், அதை வாரிக் கொண்டுபோய் ரசம் வைத்துத் தின்னுமா? நான் வரைந்து காட்டியதெல்லாம் செல்லவில்லை. தின்றதுதான் செல்லுபடியானது.

வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தைப் பார்த்தார்.

"என் தங்கச்சி குப்பத்துல மீன் யாவாரம் பண்ணிக்கினு இருந்தா" என்றார். "அலையில போயிட்டா. கடசியா எப்டி இருந்திருப்பான்னு ராவும் பகலும் அதே நெனப்பு. உன் மூஞ்சிய சன்னல்ல பாத்ததும் அவதான் வந்துட்டான்னு நெனச்சேன்பா."

ஆட்டுக்கு வேறு முகம் வைத்துவிடுகிறேன் என்றேன். நிஜமாகவே மாற்றியிருப்பேன்.

"வேணாம். புள்ளைங்க சிரிக்குதுன்ற. வரை. சன்னல தொறந்து வச்சே வரை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வீட்டைக் காலி செய்கிற பேச்சு அதோடு போயிற்று. என் மனைவி துணிகளை மறுபடி கொடியில் போட்டாள்.

அதற்குப் பிறகு நான் பெற்றதற்கெல்லாம் எப்படி நன்றி சொல்ல? குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாக்களே என் மனைவியைத் தேடி வந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் போகிற போக்கில் சன்னல் எதிரில் நின்று, "இந்தா சார், கோவம் வேணுமா?" என்று ஒரு மூஞ்சி காட்டிவிட்டுப் போவார்கள். மாமியாரை நினைத்து ஒன்று, மேஸ்திரியை நினைத்து ஒன்று. அத்தனையும் என் கதைக்குள் போயிற்று. போலீஸ்காரருக்கு வீட்டுக்காரம்மாவின் கண்ணை வைத்தேன், வெயிலுக்குச் சுருக்கின கண். "இப்பத்தான்யா உன் போலீஸ்காரருக்கு உயிர் வந்திருக்கு, எங்க புடிச்ச?" என்று ஆசிரியர் கேட்டார். பக்கத்து வீட்டில் என்றேன். அவர் நம்பவில்லை.

இதழ் வந்ததும் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் முதலில் கொடுப்பேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார். "நல்லா இருக்குது" என்று திருப்பித் தருவார். ஆடு வந்த பக்கத்தில் ஒரு நாளும் சிரித்ததில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனி மாதம் ஒரு காலையில் என் மனைவிக்கு வலி வந்தது. பாண்டிச்சேரிக்கு வேனில் போனோம். வீட்டுக்காரம்மா அன்றைக்குப் பாத்தியில் உப்பு எடுக்க வேண்டிய வேலையைப் போட்டுவிட்டு, பிளாஸ்க்கும் கையுமாகக் கூட ஏறிக்கொண்டார். பிரசவ அறைக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவள் கத்துவது கேட்கிறது. நேரம் போகிறது, யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், சுவரில் போய் முட்டிக்கொண்டேன். எனக்கு மூச்சே வரவில்லை. பயத்தில் வாய் திறந்து திறந்து மூடியது.

"டேய், இங்க பாரு" என்றார் வீட்டுக்காரம்மா. அதுவரை என்னை டேய் என்று அவர் கூப்பிட்டதில்லை.

திரும்பினேன். எதிர் பெஞ்சில் அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைக் கறைப் பல் தெரிய, கன்னத்தை உப்பி, அந்தச் சுருங்கின கண்ணை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிதுக்கி, வாயைத் திறந்தார்.

"பீப்" என்றார்.

நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை. தாடையை ஆட்டி அசை போட்டார். மறுபடி "பீப்." எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டும் சேர்ந்தே வந்தது. நானும் கன்னத்தை உப்பிப் பதிலுக்கு ஒரு 'பீப்' போட்டேன். அதைப் பார்த்து அவருக்கு வந்துவிட்டது சிரிப்பு. அலைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

கதவு திறந்தது. துணியில் சுற்றின குழந்தையோடு ஒரு நர்ஸ் வெளியே வந்தார். "பொண்ணு பொறந்திருக்கு. அம்மாவும் நல்லா இருக்காங்க. அப்பா யாருங்க?"

வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இந்தப் பேய்தாம்மா" என்றார்.