பெரியம்மா நீட்டிய டம்ளர்

பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு இரும்புலியூரில் எங்கள் தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். நர்ஸ் தொப்பியோடு அவளுடைய பழைய படம், கீழே 'கருணைக் கடல்' என்று பெரிய எழுத்து. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியவர்கள் யாரும் அவளிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். கடலாவது சில நேரம் அடங்கிக் கிடக்கும். பெரியம்மா அடங்கி நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவளும் நான்தான்.

பத்தொன்பது வயதில் நர்ஸ் படிப்புக்குப் போனவள். தாத்தா இறந்த பிறகு தங்கையான என் அம்மாவையும் தம்பியான மாமாவையும் ஆளாக்கியது அவள்தான். அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. யாரும் அவளிடம் கேட்டதாகவும் தெரியவில்லை. என் அப்பா எங்களை விட்டுப் போனதும் அம்மாவும் நானும் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். யார் எங்கே வேலைக்குப் போவது என்பதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீனா கோழியா என்பதுவரை அவள் சொன்னதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் நேரே கொல்லைப்பக்கம் போய், யூனிஃபார்மை வெந்நீரில் அமுக்கி, குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். அதற்குமுன் நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் அடிதான் கிடைக்கும். தெருவில் கட்டு மாற்ற வேண்டியவர்கள், ஊசி போட வேண்டியவர்கள் எல்லாம் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். வசவோடு வைத்தியமும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நாய்க்கடிக்கு மிளகாய்த்தூள் வைத்தோம்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தண்டவாளத்துச் சுவரோரம் ஒரு செவலை நாய் குட்டி போட்டிருந்தது. கிட்டே போகக் கூடாது என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். போனேன். ஒரு குட்டியைத் தூக்கியதும் தாய் என் ஆடுசதையைக் கவ்வியது. நொண்டிக்கொண்டு வந்தபோது ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாதான் பார்த்தார்.

"ஐயையோ, அக்காவுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும். கம்முனு வா" என்று என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனார். மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துக் காயத்தில் அப்பி, துணியால் இறுக்கினார். நான் அலறாமல் இருக்கத் தன் கையைக் கடிக்கக் கொடுத்தார். "சொன்னின்னா வெச்சுக்க, தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி. ஞாயித்துக்கெழமை கோவளமும் கெடையாது, படகும் கெடையாது. இன்னா சொல்ற?"

நான் சொல்லவில்லை. பாவாடையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். பயத்தில் இருந்த இரண்டு பேர், பயம் தீர வழி தெரிந்த ஒருத்தியிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில், டியூட்டி நடுவிலேயே பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். குளிக்கவில்லை. யூனிஃபார்மோடு கூடத்தில் வந்து நின்றாள்.

"சுவத்தோரம் இருந்த நாய் செத்துப் போச்சு. சாகறதுக்கு முன்னாடி மூணு பேரைக் கடிச்சிருக்கு. இந்த வீட்டுல யாராவது அது கிட்ட போனீங்களா?"

நான் பாவாடையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். மாமாவின் கண் என் காலுக்குப் போய்விட்டது. பெரியம்மா பாவாடையைத் தூக்கிக் கட்டை அவிழ்த்தாள். சிவப்பாகக் குழம்பியிருந்ததை முகர்ந்து பார்த்தாள். பிறகு மாமாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். முப்பது வயது ஆள், மீசை வைத்தவர், அப்படியே நின்றார்.

"ஊருக்கெல்லாம் சொல்றேன்டா நான். என் வீட்டுலயே இப்படிப் பண்ணியிருக்கியே!"

குழாயடியில் என்னை உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் காயத்தைத் தேய்த்தாள். கால்மணி நேரம் விடவில்லை. மிளகாய் திரும்ப எரிந்தது. நான் கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. பிறகு மாமாவின் ஆட்டோவிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே ஊசி போடும் இடம் அவளுடையது. நேரே உள்ளே போகப்போகிறோம் என்று நினைத்தேன். அவள் என்னை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு முன்னால் ஒரு பூக்காரி நின்றாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்குக் கன்னத்தில் கடி, அதே நாய். எங்கள் முறை வந்தபோது ஒரு ஆளுக்குத்தான் மருந்து மிச்சம் இருந்தது. பெரியம்மா என்னைப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தைப் பார்த்தாள். குழந்தைக்குப் போட்டாள்.

"அக்கா, நம்ம பொண்ணுக்கு இல்லையா! ஒண்ணு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?" என்றார் மாமா. கெஞ்சல் பாதி, கோபம் பாதி.

"மூஞ்சில கடிச்சிருக்குடா. வாயை மூடு."

அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நியாயம் புரிகிறது. முகத்துக் கடிக்கு நாள் தள்ள முடியாது என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் எட்டு வயதில் ஒருத்தி, தன்னை வளர்க்கிற கை தனக்கான ஊசியை இன்னொரு குழந்தைக்குப் போடுவதை நின்று பார்த்தாள். அதற்கு நியாயம் மருந்தாகாது.

டியூட்டியை இன்னொரு நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. ஏறுவதற்குமுன் வாங்கிய தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

"குடி."

"தாகமில்ல."

"குடிடீ."

குடித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்தாள். மீனம்பாக்கத்தில் ஒரு முறை, கிண்டியில் ஒரு முறை, மறுபடி மறுபடி குடிக்க வைத்தாள். அங்கே போய் ஊசி போட்டார்கள், தொப்புளில் இல்லை, கையில்தான். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் இன்னும் சில.

ஊசி முடிந்தும் தண்ணீர் முடியவில்லை. காலையில் டியூட்டிக்குக் கிளம்புமுன் ஒரு டம்ளர், வந்து குளித்ததும் ஒரு டம்ளர். எதிரே நின்று, நான் விழுங்கி முடிக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். எதற்கு என்று கேட்டால் "சொன்னதைச் செய்" என்பாள். அம்மா கேட்டதற்கும் அதே பதில். கடித்தது நாய், குற்றவாளி நான், தண்டனை தண்ணீர் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிடைத்த ஊரில் கிடைத்த வேலையைச் செய்து திரிந்தவள் நான். ஆந்திரப் பக்கம் ஒரு மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது, நாய் கடித்துக் கவனிக்காமல் விட்ட காவல்காரன் ஒருவனைப் பார்த்தேன். தாகம் தாகம் என்றான். சொம்பை வாயருகே கொண்டுபோனதும் கழுத்து வெட்டி இழுத்தது. தண்ணீரைக் கண்டே மிரண்டான். இரண்டாம் நாள் செத்தான். அந்த நோய் வந்துவிட்டால் திருப்ப முடியாது, முதலில் தண்ணீர்தான் இறங்காது என்று கிடங்கில் எல்லோரும் சொன்னார்கள். பெரியம்மா தன் வேலையில் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ. தாமதமான மூன்று நாளை அவள் ஒவ்வொரு டம்ளரிலும் அளந்துகொண்டிருந்திருக்கிறாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

நாய் கடித்த இரண்டாம் மாதத்தில் ஒரு காலை. டம்ளரை நீட்டினாள். பழிவாங்க வேண்டும் என்று முதல்நாளே தீர்மானித்திருந்தேன். ஒரு வாய் எடுத்தேன். விழுங்காமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பிதுக்கி, தண்ணீரையெல்லாம் அவள் யூனிஃபார்மின் மேல் துப்பினேன்.

பெரியம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. சுவரில் முதுகு உரச அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொப்பி ஒருபக்கம் சரிந்தது. வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்குச் சிரிப்பு பொங்கியது. டம்ளரில் மிச்சமிருந்ததை மடமடவென்று குடித்து, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவள் என்னை இழுத்து மடியில் போட்டு, என் தொண்டைமேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் நெளிந்து விடுபட்டு வெளியே ஓடினேன். அன்று பெரியம்மா டியூட்டிக்குப் போகவில்லை. அவளை நான் பயமுறுத்தி வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டேன் என்று சாயங்காலம்வரை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.