பொனட்டுக்குக் கீழே ரொட்டி மா

இன்றைக்கு சிலாபத்தில், கல்யாண மண்டப வாசலில், என் கெப் வண்டியைத் தள்ளுவதற்காக ஐந்து பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

நான் கூப்பிடவே இல்லை!

சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் புத்தளத்தில் பிஸ்கட் புடிங் செய்து கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கிறவள். கெப்பை ஓட்டுவதும் நான்தான். பின்னால் ஒரு ஃப்ரிஜ் இருக்கிறது. அது கெப்பின் பெட்டரியில்தான் ஓடும்.

போன மாதம் இதே மண்டபத்தில் ஒரு நிக்காஹ். சாப்பாடு பிந்திவிட்டது. என்ஜினை நிறுத்திவிட்டு ஃப்ரிஜ்ஜை மட்டும் ஓடவிட்டேன். மூன்று மணித்தியாலத்தில் பெட்டரி காலி! ஃப்ரிஜ்ஜும் நின்றது, கெப்பும் ஸ்டார்ட் ஆகவில்லை, புடிங் கஞ்சியாகிவிட்டது.

கடைசியில் பெண் வீட்டு ஆட்கள்தான் கெப்பைத் தள்ளிவிட்டார்கள். (அதை வீடியோ எடுத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

அந்தப் பெண்ணின் உம்மா ஃபரீனா மாமி போன வாரம் கோல் எடுத்தார். இரண்டாவது மகளுக்கும் கல்யாணம், அதே மண்டபம்.

"இந்த முறையும் ஒங்களுக்கே தாறன் மகள். ஆனா இதுவும் உருகினா, அதுக்குப் பொறகு ஒங்கட பேர நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டன்."

எனக்கு வரும் ஓடர்களில் பாதி மாமி சொல்லி வருவது. அவர் வாயை மூடினால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "ஐஸ் கட்டி போட்டுக் கொண்டு போனா சரிதானே?"

"ஐஸ் கரைஞ்சி புடிங்குக்குள்ள போனா நீங்க குடிக்கிறீங்களா?"



அன்றைக்கே முடிவெடுத்தேன். இரண்டாவது பெட்டரி போட்டே தீருவது!

வெள்ளிக்கிழமை காலையிலேயே முந்தல் ஊரில் நஸீர் நானாவின் கராஜுக்குப் போனேன். பொனட்டைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ள இன்னொரு பெட்டரியா? எங்க தங்கச்சி வைக்க, ஒங்கட மடியிலயா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் வெறுங்கையோடு போகவில்லை! வீட்டில் பால்மாப் பெட்டியை வெட்டி, நீளம், அகலம், உயரம் எல்லாம் பெட்டரி அளவுக்கே ஒரு டம்மி செய்து கொண்டுபோயிருந்தேன். கண்ணாடி கழுவும் தண்ணீர்ப் போத்தலை ஓரமாக நகர்த்தச் சொல்லி, அந்த மூலையில் டம்மியை இறக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

நானா தலையைச் சொறிந்தார். "ம்ம்... இரிக்கிதுதான். ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி முடிச்சித் தாறன்."

பிறகு அவர் வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டும். பழைய பெட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றினார். இரும்பில் ஒரு தட்டு அடித்து அந்த மூலையில் வெல்டிங் வைத்தார். ஒரு ரிலேயும் பூட்டினார். என்ஜின் ஓடும்போது இரண்டு பெட்டரியும் சார்ஜ் ஆகும். என்ஜின் நின்றால் ரிலே இரண்டையும் பிரித்துவிடும். ஃப்ரிஜ் புதியதை மட்டும் குடிக்கும், பழையது ஸ்டார்ட் பண்ணுவதற்கென்றே இருக்கும்.

எல்லாம் முடிந்து, புதுப் பெட்டரியைத் தூக்கினார்.

அப்போதுதான் எனக்குச் செரிப்பழம் ஞாபகம் வந்தது!

(சிரிக்காதீர்கள். என் முதல் ஓடரில் புடிங் கப்பின் உயரத்தை அளந்து பெட்டி வாங்கினேன். மேலே வைக்கும் செரியை அளக்க மறந்துவிட்டேன். மூடியைத் திறந்தால் அத்தனை செரியும் சப்பை!)

"நானா, நில்லுங்க! டம்மியில டேமினல் இல்ல!"

பெட்டரியின் தலையில் இரண்டு டேமினல் நீட்டிக்கொண்டிருக்குமே, அதை நான் அளக்கவில்லை.

"அதெல்லாம் பொனட்டுல முட்டாது தங்கச்சி. நான் எத்தின வருஷமா செய்றன்!"

முட்டினால்? பொசிட்டிவ் டேமினல் பொனட் தகரத்தில் பட்டால் நெருப்பு. புடிங்கும் இல்லை, கெப்பும் இல்லை, நானும் இல்லை.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு ஓடினேன். ரொட்டிக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டை கேட்டு வாங்கினேன். (கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!) டம்மியைத் திரும்ப வைத்து, டேமினல் வரும் இடத்தில் மாவை உயரமாகக் குவித்தேன். மேலே ஒரு ஷொப்பிங் பையை விரித்து, பொனட்டை மூடித் திறந்தேன்.

மா தட்டையாகியிருந்தது. அரை விரல் கனம்கூட இல்லை. டேமினல் அதைவிட உயரம்!

நானா மாவைத் தொட்டுப் பார்த்தார்.

"யா அல்லாஹ்... நான் அப்பிடியே மூடியிருப்பன்."

தட்டை வெட்டி, இரண்டு அங்குலம் கீழே இறக்கித் திரும்ப வெல்டிங் வைத்தார். திரும்ப மா, திரும்ப பொனட். இந்த முறை பொனட் மாவின் உச்சியில் இலேசாகத்தான் பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டரியை உள்ளே வைக்க விட்டேன். அசையாமல் இறுக்கி, டேமினலுக்கு ரப்பர் மூடியும் போடவைத்தேன். (ஜும்ஆவுக்கு ஓடித்தான் போனார், பாவம்.)

இன்றைக்கும் சாப்பாடு பிந்தியது! நான்கு மணித்தியாலம் என்ஜினை நிறுத்தி, ஃப்ரிஜ்ஜை ஓடவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரிஜ்ஜில் காதை வைத்துக் கேட்டேன். புடிங்கைப் பரிமாறியபோது கரண்டி அழுத்தித்தான் இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ்!

வெளியே வந்தால் அந்த ஐந்து பேர். மாமிதான் அனுப்பியிருக்கிறார். "எதுக்கும் நில்லுங்க, அந்தப் புள்ளட கெப்ப தள்ள வேணும்" என்றாராம்.

பிஸ்மில்லாஹ் சொல்லித் திறப்பைத் திருப்பினேன்.

ஒரே அடியில் ஸ்டார்ட்!

ஐந்து பேருக்கும் முகம் வாடிவிட்டது. ஒருவர் கேட்டார், "அப்ப நாங்க என்னத்துக்கு சாரத்த மடிச்ச?"

மாமி வாசலில் நின்று சிரித்தார். "மகள், எங்கட தங்கச்சிட மகனுக்கும் அடுத்த மாசம் கல்யாணம். நீங்கதான்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன்.

வரும் வழியில் நஸீர் நானாவுக்குச் சொல்லலாம் என்று கெப்பை ஓரமாக நிறுத்தி ஃபோனை எடுத்தால், அவரிடமிருந்தே ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்திருந்தது.

"தங்கச்சி, இன்னொருத்தர் ரெண்டாவது பெட்டரி போட வந்திரிக்கிறாரு. அந்த ரொட்டி மா... உப்புப் போட்டதா, போடாததா?"