மேற்கே பார் என்றார்

தென்காசியில் மேற்கு என்றால் மலை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. காலையில் வாசல் தெளிக்க வந்ததுமே முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பும். மேகம் இறங்கியிருக்கிறதா, குற்றாலத்தில் தண்ணீர் விழுமா, வற்றல் காயப்போடலாமா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இடது, வலது என்ற சொற்களை நாங்கள் அதிகம் புழங்குவதில்லை. அடுப்படிக்குள் நின்றால்கூட, "கெழக்க இருக்க சம்படத்த எடு" என்றுதான் சொல்வோம்.

என் வீட்டுக்காரர் போலீசில் இருந்தவர். சீசன் வந்துவிட்டால் மெயின் அருவியில்தான் டூட்டி. விசிலை ஊதி, தொண்டை கிழியக் கத்தி, குளிக்கிற ஜனத்தை வெளியே இழுத்துவிடும் வேலை. அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே குரல் அப்படி அமைந்துவிட்டது. வீட்டில் உப்பு குறைவு என்று அவர் சொன்னால் பக்கத்து வீட்டில் உப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வுபெறவில்லை.

எனக்குக் கண்ணில் பிரஷர். வலியில்லை, சிவப்பில்லை, ஒன்றுமில்லை. ஈரத்துணி ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிற மாதிரி, பார்வை ஓரத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் தெரிவது நன்றாகத் தெரியும், ஊசியில் நூல்கூடக் கோத்துவிடுவேன். ஆனால் பக்கத்தில் வந்து நிற்கிற மாடு தெரியாது. காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றியிருக்கிறேன். திருநெல்வேலி டாக்டர், போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கப் பார்ப்போம் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து இவர் எனக்குக் கண்ணாகிவிட்டார். சாலையில் போனால், "பள்ளம் இருக்கு, வடக்க ஒதுங்கு." கோயிலுக்குப் போனால், "படி வருது." ஒரு கலியாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், பந்தியே திரும்பிப் பார்க்கிற குரலில், "அவியல் தெக்க இருக்குட்டி" என்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "எனக்கு இன்னும் கண்ணு இருக்கு. நீங்க சொல்லாதிய, நானே பாத்துக்கிடுதேன்" என்று எத்தனை தடவை கடிந்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அவர் ஒரு நிமிஷம் சும்மா இருப்பார். அடுத்த நிமிஷம் ஒரு ஸ்கூட்டர் வரும், மறுபடி கத்துவார்.

கொச்சியில் வேலை பார்க்கிற மகள்தான் ஒருநாள் போனில் கேட்டாள், "ஒனக்கு என்னம்மா பாக்கணும்னு ஆசை?" காசி, திருப்பதி என்று எதையாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் டால்பின் என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் ஊர் கோபுரத்தை நான் கண்ணை மூடினாலும் பார்ப்பேன். அருவியையும் அப்படித்தான். குரங்கு எப்படித் தேங்காய்ச்சில்லைப் பிடுங்கும் என்பதை யாரும் எனக்குக் காட்ட வேண்டியதில்லை. அவையெல்லாம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவை, எந்தப் பிரஷரும் அவற்றை எடுத்துக்கொண்டு போக முடியாது. உள்ளே இல்லாத ஒன்றை, யாரும் சொல்லாமல், என் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கதவு சாத்துவதற்கு முன்னால் ஒன்றையாவது உள்ளே கொண்டுவந்துவிடும் அவசரம்.

கொச்சியிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படும்போது, துறைமுக வாயில் ஆறும் கடலும் சேருகிற இடத்தில் டால்பின்கள் வரும் என்று மகள் விசாரித்துச் சொன்னாள். டிக்கெட்டும் அவளே போட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் செங்கோட்டை வழியாக ரயிலேறிப் போனோம். மலையைக் குடைந்து ரயில் அந்தப் பக்கம் இறங்கும்போது இவர், "இந்தா, மலை தாண்டியாச்சு" என்றார். "தெரியுது" என்றேன். அதற்குமேல் நாங்கள் அந்த மலையைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

கப்பல் புறப்பட்டது சாயங்காலம். முந்தைய நாள் மழை பெய்து வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. எல்லாரும் மேல்தளத்துக்கு வந்து கம்பியோரம் நின்றுகொண்டார்கள். நான் கப்பல் போகும் திசையைப் பார்த்து, இவர் உதவியில்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சங்கு ஊதியது. கரை மெதுவாக நகர ஆரம்பித்தது.

"அங்கன பாரு, சீன வலை" என்றார்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க" என்றேன்.

நானே பார்த்தேன். கரையோரம் கம்புகள் விரிந்து வலை தண்ணீருக்குள் இறங்கியது. செம்பருந்து ஒன்று எனக்கு மிஞ்சியிருந்த பார்வை வட்டத்துக்குள் நுழைந்து, வெளியே போய், மறுபடி நுழைந்தது. ஒரு மிதவையின்மேல் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் நானே தேடிப் பிடித்தேன். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தண்ணீரைப் பாத்தி பாத்தியாகப் பார்த்தேன். மனசில் அப்படி ஒரு சந்தோஷம். இவர் வாயைத் திறக்காமல் நின்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

துறைமுக வாய் நெருங்கியபோது நான் பின்பக்கம் ஒருமுறை திரும்பினேன். நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால், வெகுதூரத்தில், நீலமாக ஒரு கோடு. மலை. எங்கள் மலையின் முதுகு. மறுபடி தண்ணீருக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் இவர் கத்தினார். அருவியில் தண்ணீர் பெருகும்போது கத்துகிற அதே குரல்.

"மேக்க! மேக்க பாரு ஏட்டி!"

நான் திரும்பினேன். நினைத்துத் திரும்பவில்லை, உடம்பு திரும்பியது. மேக்க என்றால் மலை. சூரியன் எதிரே கடல்மேல் நிற்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் குரல் கேட்டதும் பிறந்ததிலிருந்து திரும்புகிற திசைக்கு நான் திரும்பிவிட்டேன். என் வட்டத்துக்குள் நீல மலை வந்து நின்றது. அதன் கீழே தண்ணீரைத் தேடினேன். பாத்தி பாத்தியாகத் தேடினேன். ஒரு படகு தெரிந்தது, மிதக்கிற ஆகாயத்தாமரை தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஜனமெல்லாம் "அதா! அதா!" என்று கூவியது. பிள்ளைகள் கைதட்டின. எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் இன்னும் மலையடியிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

இவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அங்கன எங்க பாக்க? இங்கன, இங்கன!" நான் பார்க்கும்போது தண்ணீர் வெறுமனே கிடந்தது.

"மேக்கன்னுதானட்டி சொன்னேன்."

"மலை இருக்க பக்கம்தான மேக்கு" என்றேன்.

அவர் மலையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே படீரென்று அடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் பயந்துபோய் விலகி நின்றாள். ஊரில் தெரிந்தால் எங்களைக் கேலி பண்ண ஒரு வாரத்துக்கு இது போதும். ஆனால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது? மலை அதன் இடத்தில்தான் இருந்தது. நாங்கள்தான் அதைச் சுற்றி மறுபக்கம் வந்துவிட்டோம்.

துறைமுக வாயைத் தாண்டியாயிற்று. கப்பலுக்கு வழிகாட்டி வந்த சின்னப் படகு விலகிப் போனது. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இவர் மட்டும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். "வரும். இன்னும் வரும். நீ நில்லு." பந்தோபஸ்துக்கு நிற்பதுபோல நின்றார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இமைத்தால் தவறிவிடுமோ என்று இமைக்காமல் பார்த்துப் பார்த்து அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. அதை மட்டும் நான் நன்றாகப் பார்த்தேன், என் வட்டத்துக்குள் அது முழுசாக விழுந்தது.

"அந்தா! இங்கன, என் கைக்கு நேரா!" என்று ஒரு தடவை கையை நீட்டினார்.

கைக்கு நேராகப் பார்த்தேன். ஓர் அலை எழுந்தது, மடங்கியது. அவ்வளவுதான். அலையைத்தான் அவர் காட்டினார் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஆமா. பாத்துட்டேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். ஸ்டேஷனில் எத்தனை பேர் பொய்யைக் கேட்டவர். என் முகத்தைப் பார்த்தார். கம்பியை விட்டுக் கையை எடுத்தார். கையில் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

போன் அடித்தது. மகள். கப்பல் தூரம் போனால் கிடைக்காது என்று அதற்குள் அடித்திருக்கிறாள். அவர் குரலைப் போல அவர் போனும் சத்தமாகத்தான் பேசும், எனக்கே கேட்டது. "அப்பா, அம்மா பாத்துட்டாளா?"

"பாத்துட்டா."

"நெசமாவா? நல்லாத் தெரிஞ்சுதா அவளுக்கு?"

"நல்லாப் பாத்தாட்டி. நான் சொல்லவே இல்ல, அவளே கண்டுபிடிச்சு எனக்குக் காட்டுதா" என்றார்.

மகள் அந்தப் பக்கம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பேச்சு விட்டு விட்டு வந்து, பிறகு நின்றுபோனது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிள்ளைகளிடம் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர். எனக்காகச் சொல்லிவிட்டு, குற்றம் செய்தவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாளும் என் கண் போவதைப் பற்றியே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மனிதர் என்னைவிடப் பயந்துபோய், அந்தப் பயத்தைக் கத்திக் கத்தியே மறைத்துக்கொண்டு என் கூடவே நடந்து வந்திருக்கிறார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். நாலு பேர் நடமாடும் இடத்தில் அதுவரை பிடித்ததில்லை.

"முதல்ல வந்துதுல்லா," என்றேன், "அது எப்படி இருந்துது? சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லுங்க என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தொண்டையைக் கனைத்தார். "கருப்பா... கருப்பு இல்ல, சாம்பக் கலரு. நம்ம எருமைக் கன்னு தண்ணிக்குள்ள கெடந்து எந்திரிக்கும்போது முதுகு மினுங்கும்லா, அப்படி. முதல்ல ஒண்ணு வந்துது..." அருவியை மறந்து, ஸ்டேஷனை மறந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். அவ்வளவு மெதுவாக அவருக்குப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.