மணல் தூவாத தோணி

தோணிப் பட்டறைக்காரருக்கு ஊரார் வைத்த பெயர் பாலிஷ். கதவுக் கைப்பிடி மங்கலாக இருந்தால்கூடச் சட்டைக் கையால் நாலு தேய் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஐம்பது வயது, ஒண்டிக்கட்டை, ஞாயிறு மதியச் சாப்பாடு மட்டும் இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வீட்டில். குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தப் பளபளப்புப் பைத்தியம் ஒன்றுதான் மனுஷனைக் கெடுத்தது.

ஆனால் தொழிலில் புலி. தோணி வாங்க யார் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: "உக்காந்து போவீங்களா, நின்னு போவீங்களா?" உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவருக்கு ஒடுக்கமான, அடி வளைந்த தோணி. ஆழத்தில் வழுக்கிக்கொண்டு போகும். நின்றபடி கழி ஊன்றித் தள்ளுகிறவருக்கு அகலமான, அடி தட்டையான தோணி. மாற்றி வாங்கினால் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். ஒடுக்கமான தோணியின் அழகில் மயங்கி "இதுலயே நின்னுக்குறேனே" என்று எவராவது இழுத்தால், "நீச்சல் நல்லாத் தெரியும்ல?" என்பார் பாலிஷ். வந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

அக்காவின் கணவருக்கு ஆற்று அளவை அலுவலகத்தில் வேலை. ஆற்றின் மேற்பகுதியில் ஏழு அளவுக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். வாரம் இருமுறை போய்த் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவர வேண்டும். அங்கே முழங்கால் ஆழம்தான், அடியெல்லாம் கல், மோட்டார் படகு போனால் விசிறி நொறுங்கிவிடும். இருபது வருடமாக மாமா கழி ஊன்றித்தான் போய் வந்தார். பழைய தோணி ஒழுக ஆரம்பித்ததும் புதியதற்கு மச்சினனிடமே வந்தார்.

பாலிஷ் பார்த்துப் பார்த்துச் செய்தார். பதினாலு அடி, தட்டை அடி. மாமா கால் அகட்டி நிற்பதற்காக நடுக் குறுக்குக் கட்டையை ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். கழியை மாமாவின் உயரத்துக்கு இரண்டு மடங்காக வெட்டி, சிலாம்பு இல்லாமல் இழைத்து, நுனியில் இரும்புப் பூண் போட்டார். பாக்கி இருந்தது ஒரே வேலை. நின்று ஓட்டுகிற தோணியின் உள்தரையில் வர்ணம் காயும் முன் மணல் தூவ வேண்டும், ஈரக் கால் வழுக்காமல் இருக்க. பத்து வருடமாக ஒரு தோணிக்கும் அவர் அதை விட்டதில்லை. இந்தத் தோணிக்கு விட்டார்! தரை மரத்தின் ரேகை அவ்வளவு அழகாக இருந்தது. சாயங்காலம் அக்கா பார்க்க வரப்போகிறாள். மணலைப் போட்டு அசிங்கப்படுத்துவானேன் என்று, எண்ணெய் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். 'அப்புறம் போட்டுக்கலாம்.' அக்கா வந்தாள், பார்த்தாள், "முகமே தெரியுதுடா!" என்று பூரித்தாள். மணல் மறந்தே போனது.

மூன்றாவது பயணத்தில் மாமா விழுந்தார். கல்லில் முழங்கால் சில்லு உடைந்தது. ஊர் என்ன சொல்லும்? "இந்த வயசுல நின்னுக்கிட்டு ஓட்டலாமா?" என்றது. தோணியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பாலிஷ் உள்ளே பார்த்தார். மணலே இல்லை. அன்றே கதவைச் சாத்திக்கொண்டு தரையைச் சுரண்டி, புதிதாக வர்ணம் அடித்து, மணலைத் தூவினார். விழ வைத்ததுகூடத் தவறு என்று போகட்டும். இப்படி மறைத்ததற்கு என்ன பெயர் சொல்வது?

மூன்று மாதத்தில் முழங்கால் கூடியது. மனசுதான் கூடவில்லை. மச்சினன் செய்த தோணியில் கால் வழுக்காது, தலை சுற்றித்தான் விழுந்தோம் என்று மாமா முடிவே கட்டிவிட்டார். காது டாக்டர், நரம்பு டாக்டர், மூன்று வேளை மாத்திரை. படியிறங்கும்போதுகூட அக்கா தோளைப் பிடித்தார். ஞாயிறுதோறும் அதைப் பார்த்துக்கொண்டே பாலிஷ் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஏண்டா கொறிக்கிற, உடம்பு சரியில்லையா?" என்று அக்கா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை பட்ட இடம் சுட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். அக்கா வெளியே படித்துறையில் உட்கார்ந்துகொண்டாள். மாமா கைத்தடியோடு உள்ளே வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

"எழுதிட்டேன் மாப்ள. மதியம் ஆபீஸ்ல குடுத்துடுவேன். இனிமே நாற்காலி வேலைதான். இந்தத் தோணியை யாருக்காவது குடுத்துடு."

"மாமா, அவசரப்படாதீங்க..."

"கடைசியா ஒரு தடவை நின்னு பாத்துக்குறேன்." செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கிடந்த தோணிக்குள் காலை வைத்தார். உள்ளங்காலால் தரையை இப்படியும் அப்படியும் தேய்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "பாரு, எவ்வளவு பிடிப்பா போட்டிருக்க! இதுல நின்னே விழுந்திருக்கேன்னா என் தலை சரியில்லைதானே மாப்ள?"

பாலிஷ் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியாது.

"உங்க தலை நல்லாத்தான் இருக்கு மாமா. மணல் நீங்க விழுந்தப்புறம் போட்டது. அன்னிக்கு வெறும் எண்ணெய். அழகா இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் பயந்துட்டேன்."

மாமா தோணியிலிருந்து இறங்கினார். "மூணு மாசம்டா," என்றார். "என் காலை நானே நம்பல. நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்த."

"தப்புதான் மாமா. அடிச்சிடுங்க."

"அடிச்சா உனக்குச் சுலபமாப் போயிடும்." கடிதத்தை நாலாகக் கிழித்தார். "தோணியைத் தண்ணியில இறக்கு."

இறக்கினார்கள். அக்கா பதறி எழுந்தாள். மாமா கைத்தடியைப் படியில் போட்டுவிட்டுக் கழியை எடுத்தார். குறுக்குக் கட்டைக்குப் பின்னால் கால் அகட்டி நின்றார். கழியை ஊன்றினார், தள்ளினார். தோணி நகர்ந்தது. கரையைத் திரும்பிப் பார்க்காமலே, "அவகிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு," என்றார்.

அக்காவுக்கு அது காதில் விழவே இல்லை. "நிக்கிறாருடா! அவர் நிக்கிறாருடா!" என்று அழுதுகொண்டே தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்ன சொன்னியோ தெரியல, என் வீட்டுக்காரரைத் திருப்பிக் குடுத்துட்ட. இந்தக் கைக்கு நான் என்னடா செய்வேன்?"

கையை இழுத்துக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை. ஆற்றில் மாமா முதல் வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றார் பாலிஷ். "முதல்ல என் கையை விடு. சொல்றேன்."