இறுப்பிட்டி வளவும் கண்டித் தொடர்மாடியும்

எனக்குச் சீதனமாக எழுதிய வீடு அது. கல்யாணம் சரிவரவில்லை, தீவுப் பக்கத்து இறுப்பிட்டியில் வீடும் நானும் மிஞ்சினோம். கூட்டுறவுச் சங்கக்கடை வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பிறகும் அங்கேதான் தனியே இருந்தேன். கண்டியில் பொறியியலாளராக இருக்கும் என் தம்பி கோயில் திருவிழாவுக்கு வந்து நின்றபோது விற்கும் கதையை எடுத்தான்.

"அக்கா, உப்புக்காத்துக்கையும் பனையளுக்கையும் இருந்து என்ன காணப்போறியள்? கண்டியில இப்ப மலை முழுக்க வீடு எழும்புது. இண்டைக்கு வாங்கினா நாளைக்கு என்ன விலைக்குப் போகுமெண்டு சொல்ல ஏலாது."

"எனக்கென்னத்துக்கடா விலை? இருக்க ஒரு இடம் காணும்."

"அங்க இருங்கோவன். ஆஸ்பத்திரியும் பக்கத்தில, நானும் பக்கத்தில. உங்களுக்கு வீடுமாச்சு, நல்ல முதலீடுமாச்சு."

அதற்கு முந்திய மாரியில் காய்ச்சலோடு கதவைக்கூடத் திறக்க முடியாமல் கிடந்து எழும்பியிருந்தேன். அந்தப் பயம் என்னைச் சம்மதிக்க வைத்தது.

வாங்க வந்தவர் லண்டனில் இருப்பவர். எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அயலில் மற்றதெல்லாம் உவர். சுற்றியிருந்த வீடுகளுக்குக் குடிக்கவும் உலை வைக்கவும் எங்களிடம்தான் தண்ணீர். அவர்களை மறிக்கக் கூடாது என்று காணி உறுதியில் எழுதவேண்டும் எனப் பிடிவாதமாக நின்றேன்.

"தண்ணிக்குப் போய் ஆரும் மறிப்பினமே, அக்கா?" என்று வாங்குகிறவர் சிரித்தார். அப்படி எழுதினால் அவர் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று தம்பி என்னை அடக்கினான். அது எழுதாமலே வளவு கைமாறியது. அந்தக் காசோடு வங்கிக் கடனும் சேர்த்து வாங்கிய கண்டி வீட்டு உறுதி, கடன் வசதிக்காக அவன் பெயரில் முடிந்தது. கூடப்பிறந்தவன், அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

மலைச்சரிவில் கட்டிய தொடர்மாடி அது. என் வீடு ஐந்தாம் மாடியில். வெளியே மழை ஓயாது. உள்ளே குழாய் சொட்டும். அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறாது, பவுசர் லொறியில் தண்ணீர் வரவேண்டும் என்றார்கள். அலுமாரிக்குள் சேலைகள் பூஞ்சணம் பிடித்தன. எதிர்வீட்டுக்காரரோடு பேச எனக்குச் சிங்களம் போதாது. அவர்களும் கதவைத் திறந்து நின்றதில்லை.

ஒருநாள் இறுப்பிட்டிப் பக்கத்து வீட்டுக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். சுகம்கூடக் கேட்கவில்லை.

"மதில் கட்டிக் கேற்றும் போட்டாச்சு. காவலுக்கு நிக்கிறவன் ஒரு வாளி அள்ள விடுறானில்லை. குஞ்சு குருமானோட நாங்கள் எங்க போறது? நீர் மலையில சுகமா இரும்."

நான் லண்டன்காரருக்குப் பலமுறை தொலைபேசி எடுத்தேன். அவர் பதில் சொல்லவேயில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் தம்பி வந்தான். கதிரையின் நுனியில் இருந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"கோவிக்காதேங்கோ அக்கா. வெளிநாட்டுச் சனம் வந்து தங்க உப்பிடி வீடுகளைத்தான் வாடகைக்குத் தேடுகினம். லோனும் கட்டவேணும். கொஞ்ச நாளைக்கு எங்களோட வந்திருங்கோ."

அவன் வீட்டில் இஸ்திரிப்பெட்டியும் துணி அழுத்தும் மேசையும் நின்ற அறை எனக்குக் கிடைத்தது. அவன் மனைவி ஒருநாளும் முகம் கோணவில்லை. என் கோப்பையை மட்டும் புறம்பாகக் கழுவி வைத்தாள். ஐந்தாம் மாடியில் யாரோ வந்து நின்று, பால்கனியில் படமெடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அதை வித்துப்போட்டு என்ர காசைத் தா. நான் ஊருக்குப் போறன்," என்று தம்பியிடம் சொன்னேன்.

"இப்ப விக்கிறது விசர்வேலை. விலை ஏறிக்கொண்டெல்லோ இருக்கு!"

உடுப்புப் பெட்டியோடு தனியே பஸ் ஏறினேன். இறுப்பிட்டியில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. எனக்கு ஒன்றைத் திறந்துவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கண்டதும் தெருவின் மற்றக் கரைக்கு மாறிப் போனாள். அவளில் நான் குறை சொல்லமாட்டேன். கடைசியில் பக்கத்துத் தீவில், புளியங்கூடலில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறை வாடகைக்குக் கிடைத்தது. குசினி பொது. என் ஓய்வூதியத்தில் அதுதான் கட்டுப்படியாகும்.

போன கிழமை காரைநகரில் இருந்து ஒரு சொந்தக்காரப் பெடியன் வந்தான். கொழும்பில் நல்ல உத்தியோகம்.

"கண்டியில ஒரு தொடர்மாடி பாத்திருக்கிறன் அக்கா. நல்ல முதலீடோ? உங்களுக்குத்தான் அனுபவமிருக்கு."

கேட்டானே என்று எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றை, பவுசரை, துணி அழுத்தும் மேசையை. அவன் தலையைக் குனிந்து தேத்தண்ணீரைக் குடித்து முடித்தான்.

"எண்டாலும், விலை ஏறினது உண்மைதானே அக்கா?"

"ஓம். ஏறினதுதான்."

அவன் முகம் தெளிந்தது. கண்டியில் நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும் என்று சொல்லி, என் தம்பியின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டான். நான் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, அவன் பதிந்துகொண்டான்.