வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்

வேலம்பாளையத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனிக்கு, சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் அதைப் பரிசோதிக்க வருவார் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டிவிடுவார். அந்தக் கண்ணின் மேல் எனக்குப் பயமும் மரியாதையும் உண்டு.

என் மகள் பள்ளிச் சுற்றுலாவாக லண்டன் போகிறாள், கைச்செலவுக்கு பவுண்டு மாற்ற வேண்டும் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"கடைக்கெல்லாம் எதுக்குங்க? நான் போய்ட்டு வந்தப்ப மிஞ்சுனது ஊட்ல கெடக்குது, வாங்கிக்கங்க" என்றார்.

மறுநாள் நோட்டுகளை என்னிடம் தருமுன் ஒவ்வொன்றையும் அதே ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். அவரே பார்த்த பிறகு நான் என்ன பார்ப்பது? அன்றைய விலைக்கு முழுப் பணமும் கொடுத்தேன்.

லண்டனிலிருந்து மகள் அழைத்தாள். "அப்பா, இது பழைய காகித நோட்டாமா. எப்பவோ நிறுத்திட்டாங்களாமா. எந்தக் கடையிலயும் வாங்க மாட்டேங்கறாங்க. மிஸ்கிட்ட காசு வாங்கித்தான் சாப்பிட்டேன்."

அவருக்கு போன் செய்தேன்.

"அப்படிங்களா? வாங்கறப்பவே நீங்க பாத்திருக்கோணுமுங்க" என்றார். அவர் கண்ணுக்கு அது தப்பியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் வந்தவர், ஒரு குழந்தைச் சட்டையில் ஓட்டையைக் கண்டுபிடித்து அம்பை ஒட்டினார்.

"தெரிஞ்சே இதை அனுப்புனா, வாங்கறவங்க நம்மள என்னன்னு நெனைப்பாங்க?"

அவர் கையெழுத்துப் போடாமல் சரக்கு கப்பலேறாது. "ஆமாங்க" என்று சொல்லிப் பேனாவை நீட்டினேன்.